வானத்தின் வெப்பத்தைப் பின்னுவோம்

மருத்துவமனைக்குள் வந்தபின் ‘வெப்பநிலை’ என்னும் சொல்லின் பொருள் சுருங்கிவிடுகிறது. செவிலியர் வேளைதோறும் வந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிச் செல்லும் எண்ணே வெப்பநிலை. 98.6 என்றால் வீட்டார் முகத்தில் நிம்மதி, 100.4 என்றால் கலக்கம். வெளியே கத்தரி வெயில் காய்கிறதா, ஐப்பசி அடைமழை பெய்கிறதா என்பது உள்ளே இருப்பவர்க்குத் தெரிவதில்லை. நாள்களும் நோயின் நாள்களாகவே எண்ணப்படுகின்றன: மருந்து ஏற்றியதன் எட்டாம் நாள், அறுவைக்குப் பின் மூன்றாம் நாள், அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாள்.

இந்தச் சுருக்கத்திலிருந்து நாளுக்கு ஒருமுறையேனும் வெளியே வருவதற்கு உதவும் கைவேலை ஒன்று உண்டு. அதன் பெயர் வெப்பநிலைப் போர்வை. ஒரு குரோஷா ஊசியும் சில நிற நூல்களும் அதற்குப் போதும். இன்ன அளவு வெப்பத்துக்கு இன்ன நிறம் என்று முதலில் ஓர் அட்டவணை வகுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நாளொன்றுக்கு ஒரு வரிசை; அன்றைய ஊர் வெப்பம் எந்த அளவில் நின்றதோ அந்த நிற நூலால் அன்றைய வரிசை. மாதங்கள் செல்லச் செல்ல, கோடையும் மழையும் பனியும் நிறப் பட்டைகளாக மடியில் விரியும்.

மேலைநாடுகளில் பலர் இதனைச் சனவரி முதல் நாள் தொடங்கி ஓராண்டு முழுவதும் பின்னுகின்றனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017-இல் தொடங்கிய ‘டெம்பெஸ்ட்ரி’ என்னும் முயற்சி, ஓர் ஊரின் ஓராண்டு வெப்பத்தை இவ்வாறு நாளொரு வரிசையாகப் பின்னித் தொங்கவிட்டுக் காலநிலை மாற்றத்தைக் கண்ணால் காணச் செய்தது. வீட்டுக் கைவேலையாகவும் அறிவியல் பாடமாகவும் வளர்ந்த இப்பழக்கம், நீண்ட சிகிச்சையில் இருப்போர்க்கும் உடனிருந்து பார்ப்போர்க்கும் ஏற்றது என்பது நமது கருத்து. ஆயினும் அங்குள்ள திட்டத்தை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளல் ஆகாது. பின்னுவது ஊரின் வெப்பமாக இருக்கட்டும், உடலின் வெப்பம் வேண்டாம். அளவு சிகிச்சையின் கணக்கில் அமையட்டும், ஆண்டின் கணக்கு வேண்டாம். எந்த வரிசையில் நிறுத்தினாலும் அது நிறைவான பொருளாக இருக்கட்டும். இம்மூன்றையும் ஏன் வலியுறுத்துகிறோம் என்பதை விளக்குவோம்.

உடலின் எண் வேண்டாம்

காய்ச்சல் கணக்கையே நிறமாக்கிப் பின்னினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். சர்க்கரை அளவை, இரத்த அணுக்களின் எண்ணிக்கையை, வலியின் அளவைப் பின்னலாம் என்றும் தோன்றலாம். பட்டதைப் பதிவு செய்வதில் ஓர் ஆறுதல் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு நாள்தோறும் ரயிலில் சென்றுவந்த ஒரு பெண்மணி, 2018-ஆம் ஆண்டு முழுவதும் தாம் பட்ட தாமதத்தைக் கழுத்துத் துண்டாகப் பின்னினார். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்துக்குச் சாம்பல் நிறம், அரை மணி வரை இளஞ்சிவப்பு, அதற்கு மேல் சிவப்பு. அத்துண்டு 2019-இல் 7,550 யூரோவுக்கு ஏலம் போய், அத்தொகை ரயில் நிலையங்களில் பயணிகளுக்கு உதவும் அறப்பணிக்குச் சென்றது. காத்திருத்தலைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்கிய செயல் அது. காத்திருத்தலை நன்கறிந்த நம் வாசகர்கள் அதன் அருமையை உணர்வர்.

ஆனால் ரயிலின் தாமதம் எவரையும் இரவில் விழித்திருக்கச் செய்வதில்லை. காய்ச்சல் செய்யும். உடலின் எண்ணைப் பின்னத் தொடங்கியவர் நாளை எந்த நிறம் வருமோ என்று அஞ்சத் தொடங்குவார். சிவப்பு நூலை எடுக்க நேரும் மாலை, கைவேலைக்குரிய மாலையாக இராது. மேலும், உடலின் கணக்கை எழுதி வைக்க மருத்துவர் இருக்கின்றனர், செவிலியர் இருக்கின்றனர், கட்டுக்கட்டாகக் கோப்புகள் இருக்கின்றன. அதற்கு மற்றொரு படி எடுக்கும் பொறுப்பு நோயாளிக்கு இல்லை.

ஊரின் வெப்பம் அப்படிப்பட்டதன்று. அது நம்மால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதில் தேர்ச்சி இல்லை, தோல்வியும் இல்லை. நாற்பது டிகிரி என்றால் ஊரார் அனைவர்க்கும் நாற்பது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளை, கட்டிலில் படுத்திருப்பவர் ஆகிய அனைவரும் அந்த ஒரே வெயிலின் கீழ்தான் இருக்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டறிந்து நூலை எடுக்கும் கணத்தில், நோயாளி ஊராரில் ஒருவராகிறார்.

நம் ஊருக்கேற்ற அட்டவணை

குளிர்நாட்டு அட்டவணைகள் பூச்சியத்துக்குக் கீழே தொடங்கி ஐந்தைந்து டிகிரியாக ஏறுபவை. அதனைச் சென்னைக்குப் பயன்படுத்தினால் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் மூன்றே நிறங்களில் அடங்கிவிடும். இங்கே பகல் வெப்பம் பெரும்பாலான நாள்களில் இருபத்தெட்டுக்கும் நாற்பதுக்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. எனவே இரண்டிரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் என வகுப்பதே தக்கது.

சென்னைக்கு ஓர் அட்டவணையை முன்வைக்கிறோம். 27 டிகிரிக்குக் கீழ் என்றால் கருநீலம்; 27 முதல் 29-க்குள் நீலம்; 29 முதல் 31-க்குள் மயில்நீலம்; 31 முதல் 33-க்குள் இலைப்பச்சை; 33 முதல் 35-க்குள் எலுமிச்சை மஞ்சள்; 35 முதல் 37-க்குள் மாம்பழ மஞ்சள்; 37 முதல் 39-க்குள் ஆரஞ்சு; 39 முதல் 41-க்குள் சிவப்பு; 41-உம் அதற்கு மேலும் அரக்கு. ஒன்பது நிறங்கள். மதுரைக்கும் திருச்சிக்கும் இது பெரிதும் பொருந்தும். உதகைக்குப் பொருந்தாது, அங்கே இதே அட்டவணையை வைத்தால் போர்வை முழுவதும் கருநீலமாகவே முடியும். மலையூரார் பத்து டிகிரியிலிருந்து தொடங்கி வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

ஒரு நாளின் உச்ச வெப்பம், தாழ்ந்த வெப்பம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதனையே பின்பற்றுக. உச்ச வெப்பத்தையே நாம் பரிந்துரைக்கிறோம். வெயிலைப் பற்றிய பேச்சு அதனைச் சுற்றித்தான் நிகழ்கிறது. சென்னையில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இரண்டு இடங்களின் அளவுகளையும் இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் வெளியிடுகிறது. காற்றுப் புகும் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. கைப்பேசி காட்டும் எண் இதிலிருந்து சற்று மாறுபடலாம். எதனைக் கொள்வது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொண்டால் பின்னர்க் குழப்பம் இராது.

இந்தச் சிறு வேலை, மறந்துபோன ஊர்வானத்தை மீண்டும் கவனிக்கச் செய்யும். சென்னையில் கடற்காற்று முற்பகலிலேயே கரையேறிவிட்டால் வெயில் அடங்கும். பிற்பகல் வரை வாராதிருந்தால் நாற்பதைத் தாண்டும். ஆகவே அக்கினி நட்சத்திரத்தின் நடுவிலும் ஒரு நாள் சிவப்பும் மறுநாள் மஞ்சளுமாக வரிசைகள் மாறக் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் நீல வரிசைகள் தோன்றும். அரக்கு நூல் பெரும்பாலும் தீண்டப்படாமலே இருக்கும். ஆயினும் நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாயிற்று என்பதால் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

அளவும் நூலும்

திட்டமிடாமல் தொடங்குவோர் பெரும்பாலும் இடறுவது நீளத்தில்தான். சங்கிலிக் கண்ணியை அடுத்து முதலில் கற்றுத்தரப்படும் ஒற்றைப் பின்னலில் ஒரு வரிசை சுமார் 0.6 சென்டிமீட்டர் உயரம் வரும். 365 வரிசை பின்னினால் ஏறத்தாழ 220 சென்டிமீட்டர்; ஒரு கட்டிலின் நீளம். நூலைக் கூடுதலாக ஒருமுறை ஊசியில் சுற்றியெடுக்கும் உயரப் பின்னலில் அதே 365 வரிசை நாலரை மீட்டரைத் தாண்டிவிடும். அதனை மடித்து வைக்கவும் துவைக்கவும் நலமுள்ளவர்க்கே இயலாது.

ஆதலின் ஆண்டுக் கணக்கை விட்டுவிடலாம் என்கிறோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என ஆறு சுற்றுக் கீமோதெரபி பெறுபவர்க்கு அது 126 நாள். ஒற்றைப் பின்னலில் 126 வரிசை, சுமார் 75 சென்டிமீட்டர். நூறு கண்ணி அகலம் வைத்தால் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் வரும். குளிரூட்டிய அறையில் முழங்காலை மூடிக்கொள்ள அளவான மடிப்போர்வை அது. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து உண்பவர்க்கு 180 வரிசை, ஒரு மீட்டருக்குச் சற்று மேல். வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், அந்த நாள்களின் வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 156 வரிசை. அகலம் குறைத்து முப்பது கண்ணியில் தொடங்கினால் கழுத்துத் துண்டாகும். கை தளர்ந்தவர்க்கு அதுவே நல்லது. பழகிய கைக்கு நூறு கண்ணி வரிசை பத்து நிமிட வேலை. புதிதாகக் கற்பவர்க்கு அதைப்போல் இரு மடங்கு ஆகலாம்.

நூல் எதுவாக இருத்தல் வேண்டும்? நம் தட்பவெப்பத்துக்குப் பருத்தி நூல் ஏற்றது. அக்ரிலிக் நூல் விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் வேர்க்கும். இரண்டில் எதுவாயினும் அடிக்கடி துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். எல்லா நிறமும் ஒரே தடிமனில் இருப்பது இன்றியமையாதது. இல்லையேல் ஓரங்கள் கோணும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடும் என்பதால், முதலில் ஒரு சிறு துண்டு பின்னி, வெள்ளைத் துணியோடு நனைத்துப் பார்த்துவிடுக. தேவையை அறிய, பத்து வரிசை பின்னி அவிழ்த்து நூலை அளந்து பத்தால் வகுத்தால் ஒரு வரிசைக்குரிய நீளம் கிடைக்கும். சென்ற ஆண்டில் இதே மாதங்களில் எந்த அளவு எத்தனை நாள் வந்தது என்று எண்ணிப் பார்த்தால் எந்த நிறம் எவ்வளவு வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதிகம் வரக்கூடிய நிறத்தில் ஓர் உருண்டை கூடுதலாக, ஒரே சாயத் தொகுதியில் வாங்கி வைப்பது நன்று. அடுத்த தொகுதியில் அதே நிறம் சற்று மாறி வரும்.

கையைக் காத்தல்

இக்கைவேலை நோயைத் தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவோரை நம்பவும் வேண்டாம். மருந்தின் இடத்தில் நூல் நிற்காது. நூலால் தீங்கு வாராமல் பார்த்துக்கொள்வதும் கடமை.

பக்ளிடாக்செல், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் விரல் நுனியில் மரமரப்பை உண்டாக்கக்கூடும். அத்தகையோர் தடித்த கைப்பிடியுள்ள ஊசியைக் கொள்க. மரமரப்பு மிகுந்தால் நிறுத்தி மருத்துவரிடம் கூறுக. மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டவர்கள் கை வீக்கத்துக்கு இடமளிக்கலாகாது; இயன்முறை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ள கையில் நூலைச் சுற்றக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும்போது அக்கையை அசைக்கவும் கூடாது. ஊசி ஏற்றியிருக்கும் கைக்கும் ஓய்வே நல்லது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் கைகழுவிவிட்டுத் தொடுவது, நூலை மூடிய பையில் வைப்பது, ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குக் கொடுக்காதிருப்பது ஆகியவற்றைப் பின்பற்றுக. தட்டணுக்கள் குறைந்தவர் கத்தரிக்கோலை உடனிருப்பவர் கையில் விட்டுவிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தனிமை அறையிலும் செவிலியரைக் கேளாமல் எதையும் கொண்டுவரலாகாது. எவராயினும் இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பின்ன வேண்டாம்.

உடனிருப்பவரின் பங்கு

நோயாளியின் நலம் கேட்போர் பலர். உடனிருப்பவரின் நாள் எவ்வாறு கழிகிறது என்று கேட்போர் சிலரே. வரிசையில் நிற்பதும், மருந்துச் சீட்டோடு அலைவதும், இரவில் நாற்காலியில் சாய்ந்திருப்பதுமே அவரது பொழுது. இப்போர்வையில் அவருக்கும் இடமுண்டு. நோயாளிக்கு இயலாத நாளில் அவர் அந்த வரிசையைப் பின்னலாம். இரு கைகளின் இறுக்கமும் ஒன்றாக இராது; ஒருவர் பின்னிய வரிசை சற்று இறுகியும் மற்றவருடையது நெகிழ்ந்தும் தெரியும். அவ்வேறுபாட்டைக் குறையாகக் கருதி அவிழ்க்க வேண்டாம். யார் எந்த நாளில் தோள்கொடுத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

வெளியூரிலிருந்து வந்து இங்கே மாதக்கணக்கில் தங்கியிருப்போர்க்கு மற்றொரு வழியும் உண்டு. சென்னையின் வெப்பத்தை விட்டுத் தம் சொந்த ஊரின் வெப்பத்தைப் பின்னலாம். நாகர்கோவிலில் உள்ள அம்மாவோ, சேலத்தில் உள்ள பிள்ளைகளோ மாலைதோறும் தொலைபேசியில் அன்றைய எண்ணைச் சொல்லட்டும். “இன்று எப்படி இருக்கிறது?” என்ற கேள்விக்கு நோயாளி நாள்தோறும் விடை தேடிக் களைத்திருப்பார். “இன்று இங்கே முப்பத்திரண்டு, மாலையில் சாரல்” என்று தொடங்கும் பேச்சு அவருக்கு ஓய்வு தரும். கேட்பவர்க்கும் என்ன பேசுவது என்ற தயக்கம் நீங்கும்.

எந்த வரிசையிலும் நிறைவு

நாள் தவறுமே என்று அஞ்ச வேண்டா. பின்னாத நாளின் வெப்பமும் பதிவில் இருக்கிறது. நாட்காட்டியில் எண்ணை மட்டும் குறித்து வைத்தால், ஒரு வாரம் கழித்தும் ஏழு வரிசைகளைப் பின்னிக்கொள்ளலாம். பின்னாமல் விட்டும் விடலாம். உடல் மெலிந்திருப்பவர்க்கு மற்றுமொரு கடமையைச் சுமத்தும் எந்தப் பொழுதுபோக்கும் பொழுதுபோக்கு ஆகாது. “இன்று உன் வரிசையை முடித்தாயா?” என்று வீட்டார் கேளாதிருப்பதே நன்று.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சில சிகிச்சைகள் எண்ணியதைவிட முன்னதாக நலமாய் முடியும். சில நீளும். சில, எவரும் விரும்பாத இடத்தில் நின்றுபோகும். பாதியில் நின்ற கைவேலை ஒரு வீட்டின் அலமாரியில் கிடந்து எவ்வளவு வருத்தும் என்பதை அறிந்தோர் நம் வாசகரில் பலர் இருப்பர். அதனால்தான் 365 என்ற இலக்கை வேண்டாம் என்கிறோம். அதனால்தான் ஒற்றைப் பின்னலின் நேர் வரிசையைப் பரிந்துரைக்கிறோம். பூவாகவும் சதுரமாகவும் தனித்தனியே பின்னி இறுதியில் இணைக்கும் வடிவங்கள் இணைக்கும் நாளுக்காகக் காத்திருப்பவை. நேர் வரிசைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இதற்கு ஓர் எளிய ஒழுங்கு போதும். நிறம் மாற்றும்போது, முந்தைய வரிசையின் கடைசிக் கண்ணியை முடிக்கும் இழுப்பிலேயே புதிய நூலைக் கொண்டுவருக. இரு நூல்முனைகளையும் ஒரு சாண் நீளம் விட்டு, அடுத்த வரிசையின் கண்ணிகளுக்குள் வைத்தே பின்னி மறைத்துவிடுக. ஊசிகொண்டு கோக்கும் வேலை மிஞ்சாது. அன்றைய முனையை அன்றே அடக்கிவிட்டால், எந்த மாலையிலும் போர்வை முடிந்த பொருளாகவே இருக்கும். இருபது வரிசையில் நின்றால் மேசைவிரிப்பு. எழுபதில் நின்றால் தொட்டில் பிள்ளைக்கு விரிப்பு. நூற்றிருபதில் நின்றால் மடிப்போர்வை. சுற்றிலும் ஒரு கரை பின்னிவிட்டால் எடுத்து வைக்கலாம், யாருக்கேனும் போர்த்தவும் செய்யலாம்.

தொடங்க விரும்புவோர் வாங்க வேண்டியவை: நான்கு மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்று, இப்பருவத்தில் வரக்கூடிய மூன்று நிறங்களில் ஒவ்வோர் உருண்டை நூல், மூடிவைக்க ஒரு பை. ஒன்பது நிறத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கார்த்திகையில் சிவப்பு நூலுக்கு வேலையில்லை. வார்டிலோ உறவிலோ பின்னத் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பார். சங்கிலிக் கண்ணியும் ஒற்றைப் பின்னலும் அவரிடம் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளத் தக்கவை. நாளை காலை நாளிதழ் வரும்போது முதலில் வானிலைப் பகுதியைத் திறந்து, நேற்று ஊரில் வெயில் எவ்வளவு என்று பார்த்து நூலை எடுங்கள்.